எந்தக் குறைபாட்டை எடுப்பது? குவாண்டம் வேலைக்கு வைரமா, சிலிக்கானா, வேறெதுவுமா

படிகக் குறைபாடுகளை வைத்துக் குவாண்டம் ஆய்வு தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எதற்குக் கோஹெரன்ஸ் நேரம் அதிகம்?” என்றுதான். ஒரு ஸ்பின், அதாவது எலெக்ட்ரானோ அணுக்கருவோ சுமக்கும் சின்னக் காந்தத் தன்மை, தன் குவாண்டம் நிலையைக் குலையாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பிலேயே வந்து நிற்பதும் அதுதான். அதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. 2015-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, யிட்ரியம் சிலிக்கேட் படிகத்தில் கலந்திருந்த யூரோப்பியம் அயனிகளின் அணுக்கரு ஸ்பின்னை 2 கெல்வினில் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்க வைத்தது. ஆனாலும் குறைபாட்டை உணரியாக வைத்துக் கடைக்கு வந்திருக்கும் கருவிகளைப் பார்த்தால், அவற்றில் இருப்பது சில மைக்ரோ நொடிகளிலோ மில்லி நொடிக்குள்ளோ நிலை குலைந்துவிடும் வைர மையங்கள் (ஒளிரும் குறைபாட்டை இத்துறையில் ‘மையம்’ என்பார்கள்).

காரணம் எளிது. கோஹெரன்ஸ் நேரத்தை நான் மூன்றாவதாகவோ நான்காவதாகவோதான் பார்ப்பேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. எந்த வெப்பநிலை வரைக்கும் உங்களால் இறங்க முடியும்? குறைபாடு வெளியிடும் ஒளி எங்கே போய்ச் சேர வேண்டும், பக்கத்தில் இருக்கும் டிடெக்டருக்கா, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு படிகத்துக்கா? அந்தக் குறைபாட்டைத் தாங்கி நிற்கும் படிகத்தை வெட்ட, செதுக்க, மின்முனை பதிக்க உங்களால் முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் பட்டியலில் இரண்டு பெயர்தான் மிஞ்சும்.

அடிப்படையை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் ஓர் அணு இல்லாமல் போனாலோ, வேற்று அணு வந்து உட்கார்ந்தாலோ, அந்த இடத்தில் எலெக்ட்ரான்களுக்குத் தனியான ஆற்றல் நிலைகள் உண்டாகின்றன. படிகத்தின் ஆற்றல் இடைவெளி பெரிதாக இருந்தால் இந்த நிலைகள் அதற்குள் தனித்து நிற்கும். வைரத்தின் இடைவெளி 5.5 எலெக்ட்ரான் வோல்ட், தாராளமானது. அப்போது அந்தக் குறைபாடு, வெற்றிடக் கலத்தில் லேசரால் பிடித்து வைத்த தனி அணுவைப் போலவே நடந்துகொள்ளும். லேசரால் தூண்டலாம், ஒளியைப் பார்த்து ஸ்பின்னைப் படிக்கலாம், மைக்ரோவேவ் கொண்டு திருப்பலாம். பிடித்து வைக்கும் வேலையைப் படிகமே பார்த்துக்கொள்கிறது.

குளிரூட்ட முடியாது என்றால்

அறை வெப்பநிலையில் வேலை நடக்க வேண்டும் என்றால் விவாதம் சுருக்கமானது. என்வி மையம், அதாவது நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்திலேயே ஒரு காலியிடமும் சேர்ந்த ஜோடி. வைரத்தில் தனியொரு என்வி மையத்தைக் கண்டு, அதன் ஸ்பின்னின் காந்த ஒத்ததிர்வைப் பதிவு செய்த கட்டுரை 1997-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்தக் குறைபாடும் இந்த ஒரு விஷயத்தில் அதை முழுமையாக வீழ்த்தவில்லை.

அளவீடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இதன் வசதி புரியும். வைரத்தின் மீது 532 நானோமீட்டர் பச்சை லேசரை அடிக்கிறீர்கள். சிவப்பு ஒளி வருகிறது. அந்த லேசரே ஸ்பின்னைப் பூஜ்ய நிலைக்குத் தள்ளியும் விடுகிறது. தனியாகத் தயார்ப்படுத்த வேண்டியதில்லை. இப்போது பக்கத்தில் ஒரு சின்னச் செம்புக் கம்பியை வைத்து மைக்ரோவேவ் அனுப்பி, அதன் அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். 2.87 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது சிவப்பு ஒளி மங்கும். ஸ்பின் பூஜ்ய நிலையை விட்டு ±1 நிலைக்குப் போனதன் அடையாளம் அது. அந்த நிலையில் இருக்கும் மையம், ஒளி வெளியிடாத ஒரு பக்கவழியாக இறங்கிவிடுகிறது. தனி மையம் என்றால் ஒளி முப்பது சதவீதம் வரை குறையும். கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான்.

அப்புறம் ஒரு காந்தப்புலத்தைக் கொண்டுவாருங்கள். அந்த ஒற்றைப் பள்ளம் இரண்டாகப் பிரியும். பூமியின் காந்தப்புலம் சுமார் 50 மைக்ரோடெஸ்லா. அது மையத்தின் அச்சோடு சரியாக ஒத்துப்போனால் இரு பள்ளங்களுக்கும் இடையே 2.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி தெரியும். ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் என்ற விகிதம் இயற்பியல் மாறிலிகளிலிருந்து நேராக வருவதால், கருவியை அடிக்கடி அளவுதிருத்தம் செய்யும் தொல்லை குறைவு. வைரத்தில் என்வி அச்சு நான்கு திசைகளில் இருக்க முடியும். கூட்டமாக உள்ள மாதிரியில் எட்டுப் பள்ளங்கள் வரும். அவற்றிலிருந்து காந்தப்புலத்தின் திசையையும் எடுத்துவிடலாம். வெப்பநிலை ஒரு கெல்வின் ஏறினால் 2.87 என்ற அந்த நடுப்புள்ளி சுமார் 74 கிலோஹெர்ட்ஸ் இறங்குகிறது. 2013-இல் உயிருள்ள செல்லுக்குள் நானோ வைரத்தை அனுப்பி வெப்பநிலை அளந்தது இதை வைத்துத்தான். அதே ஆண்டில், தம் உடலிலேயே காந்தத் துகள் சங்கிலியைச் சுமக்கும் பாக்டீரியாக்களின் காந்தப்புலத்தை வைரத்தின் மேல் வைத்துப் படமெடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு மிகையையும் வெட்டிவிட வேண்டும். “மிக நுட்பமான காந்த உணரி” என்று விளம்பரங்களில் வரும். அப்படி இல்லை. வெறும் உணர்திறன்தான் வேண்டுமென்றால், மீக்கடத்து ஸ்குவிட் கருவிகளும் அணு ஆவிக் குப்பிகளும் ஃபெம்டோடெஸ்லா அளவில் வேலை செய்கின்றன. என்வி கூட்டங்கள் நல்ல நிலையில் பிக்கோடெஸ்லா அளவைத் தொடுகின்றன. என்வியின் பலம் அது எவ்வளவு அருகில் போகிறது என்பதில் இருக்கிறது. முனையில் ஒற்றை மையம் வைத்த வைர ஊசியை ஒரு காந்தப் படலத்தின் மேல் சில பத்து நானோமீட்டர் உயரத்தில் நகர்த்தலாம். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து க்நாமி நிறுவனம் இந்த வகை நுண்ணோக்கியை விற்கிறது. உங்கள் மாதிரி ஒரு சென்டிமீட்டர் அளவில் இருந்து, ஃபெம்டோடெஸ்லா சமிக்ஞை தேவை என்றால் வைரத்தை மறந்துவிடுங்கள்.

இன்னும் அருகில் போக வேண்டுமா? அதற்கு ஹெக்ஸகனல் போரான் நைட்ரைடு வருகிறது. கிராஃபீனைப் போல அடுக்கடுக்காக உரிக்கக்கூடிய பொருள். அதில் ஒரு போரான் அணு காணாமல் போன இடம், எதிர்மின்னேற்றத்தோடு, கிட்டத்தட்ட என்வியைப் போலவே ஒளிவழி ஸ்பின்னைக் காட்டுகிறது. நடுப்புள்ளி சுமார் 3.5 கிகாஹெர்ட்ஸ். 2020-இல்தான் இது வெளிவந்தது. சில அணு அடுக்கு தடிமனுள்ள உணரியை ஆராய வேண்டிய பொருளின் மேல் நேரடியாக ஒட்டிவிடலாம். வைரத்தால் இதைச் செய்ய முடியாது. வெப்பநிலைக்கு அசைந்து கொடுப்பதும் என்வியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் போரான், நைட்ரஜன் இரண்டின் இயற்கை ஐசோடோப்புகள் எல்லாவற்றுக்கும் அணுக்கரு ஸ்பின் உண்டு. நாலாபக்கமும் இரைச்சல். கோஹெரன்ஸ் நேரம் மைக்ரோ நொடி அளவிலேயே தத்தளிக்கிறது. ஒளியும் மங்கல் என்பதால் தனியொரு மையத்தைப் பார்க்கும் வேலைக்கு ஆகாது, கூட்டமாகத்தான் பயன்படும். இரு பரிமாணக் காந்தப் பொருள்களை ஆராய்பவர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்கள் வைரத்திலேயே இருக்கலாம்.

ஒளி தூரம் போக வேண்டும் என்றால்

இங்கேதான் என்வியின் கதை தலைகீழாகிறது. வேடிக்கை என்னவென்றால், குறைபாட்டு வலையமைப்பு என்ற துறையைத் தொடங்கி வைத்ததே அதுதான். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2015-இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு வைரங்களின் எலெக்ட்ரான் ஸ்பின்களைக் குவாண்டம் பின்னலில் (தூரத்தில் இருந்தாலும் இரண்டின் நிலையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது) சேர்த்து, அந்தப் பிணைப்பு உண்மைதானா என்று சரிபார்க்கும் பெல் சோதனையை முதன்முதலாக ஓட்டையில்லாமல் நடத்தினார்கள். 2021-இல் மூன்று முனைகள் கொண்ட வலை; 2022-இல் நேரடித் தொடர்பில்லாத முனைகளுக்கு இடையே டெலிபோர்ட்டேஷன், அதாவது குவாண்டம் நிலையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. பிறகு டெல்ஃப்டுக்கும் ஹேக் நகரத்துக்கும் நடுவே, மண்ணுக்கடியில் ஏற்கெனவே போடப்பட்டிருந்த 25 கிலோமீட்டர் ஒளியிழை வழியாகவும் பின்னலை உண்டாக்கினார்கள்.

இவ்வளவு சாதித்ததை ஏன் நான் புதிதாகத் தொடங்குபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்? அந்த 2015 சோதனையின் கணக்கைப் பாருங்கள். 220 மணி நேர அளவீட்டில் கிடைத்தவை 245 நிகழ்வுகள். மணிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். என்வி வெளியிடும் ஃபோட்டான்களில் சுமார் மூன்று சதவீதம்தான் 637 நானோமீட்டரில் சுத்தமாக வருகின்றன. மற்றவை வெளியேறும்போதே படிகத்தில் அதிர்வை, அதாவது ஃபோனானை, உண்டாக்கிவிட்டு வருகின்றன. அப்படி அதிர்வை விட்டுவந்த ஃபோட்டான் எந்தப் படிகத்திலிருந்து வந்தது என்ற தடயத்தைச் சுமக்கிறது; பின்னலுக்கு அது உதவாது. இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு சுத்தமான ஃபோட்டான் தேவைப்படும் முறையில், வேறு எந்த இழப்பையும் கணக்கில் எடுக்காமலே வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. பின்னாளில் ஒற்றை ஃபோட்டான் முறைக்கு மாறி, 2018-இல் அதே ஆய்வகம் இரண்டு மீட்டர் இடைவெளியில் நொடிக்கு 39 முறை என்ற வேகத்தை எட்டியது. முறையால் வந்த முன்னேற்றம் அது; மையத்தின் குறை அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று, 637 நானோமீட்டர் ஒளி இழையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 8 டெசிபெல் தொலைகிறது. 10 கிலோமீட்டர் போனால் 80 டெசிபெல். பத்துக் கோடி ஃபோட்டான்களில் ஒன்று பிழைக்கும். தொலைத்தொடர்புக்குப் பழகிய 1550 நானோமீட்டரில் அதே தூரத்துக்கு 2 டெசிபெல்தான், நூற்றில் அறுபதுக்கு மேல் போய்ச் சேரும். அதனால் டெல்ஃப்ட் குழு ஃபோட்டானின் அலைநீளத்தை நேரியலற்ற படிகத்தின் வழியாக மாற்றித்தான் அனுப்பியது. மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு, கொஞ்சம் இரைச்சல்.

சரி, ஃபோட்டான்களை வீணாக்காத மையத்தைத் தேடினால் அதே வைரத்தில் சிலிக்கான்–காலியிட மையம் இருக்கிறது. சிலிக்கான் அணு ஒரு கார்பனின் இடத்தில் உட்காராமல், இரண்டு காலியிடங்களுக்குச் சரிநடுவில் நிற்கிறது. இந்தச் சமச்சீர் நிலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நிலையான மின் இருமுனை இல்லாததால் அருகில் அலையும் மின்னேற்றங்கள் இதன் ஒளியின் நிறத்தை எளிதில் அசைப்பதில்லை. என்வியை நானோ அளவில் செதுக்கிய அமைப்புக்குள் வைத்தால் மேற்பரப்பின் மின் இரைச்சல் அதன் ஒளிக்கோட்டை, அதாவது ஒளியின் அதிர்வெண் வீச்சை, அகலப்படுத்திவிடும். சிலிக்கான் மையமோ, செதுக்கிய ஒளிக்குழிக்குள்ளும் (ஒளியை அடைத்து வைக்கும் நுண்ணமைப்பு) ஒழுங்காக இருக்கிறது. 737 நானோமீட்டரில் வரும் ஒளியில் சுமார் எழுபது சதவீதம் சுத்தமானது. 2024-இல் ஹார்வர்டு குழு, இப்படிப்பட்ட இரண்டு முனைகளைப் பாஸ்டன் பகுதியில் புதைந்திருக்கும் 35 கிலோமீட்டர் இழைச் சுற்று வழியாகப் பின்னியது, அங்கேயும் அலைநீளத்தை மாற்றித்தான்.

விலை எங்கே கொடுக்கிறோம்? குளிரில். இந்த மையத்தின் கீழ்நிலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது, இடைவெளி சுமார் 50 கிகாஹெர்ட்ஸ். வெப்பநிலைக் கணக்கில் அது இரண்டு கெல்வின் சொச்சம். திரவ ஹீலியத்தின் 4 கெல்வினிலேயே இந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் ஃபோனான்கள் ஏராளம். ஸ்பின் நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்தில் குலைந்துவிடும். 100 மில்லிகெல்வினுக்கு இறக்கினால் அதே ஸ்பின் 10 மில்லி நொடி நிற்கிறது. அவ்வளவு கீழே போக ஹீலியம்-3 கலந்த டைல்யூஷன் குளிர்விப்பான் வேண்டும். ஆய்வகத்தில் ஏற்கெனவே அது ஓடிக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளை அதுவே தின்றுவிடும்.

அதனால்தான் வெள்ளீய–காலியிட மையத்தின் மேல் இப்போது இவ்வளவு கண். அதே சமச்சீர், அதே நல்ல ஒளி, சுமார் 620 நானோமீட்டர். ஆனால் வெள்ளீயம் கனமான அணு என்பதால் அந்தப் பிளவு 850 கிகாஹெர்ட்ஸுக்கு விரிந்துவிடுகிறது. 40 கெல்வினுக்கு ஈடான இடைவெளி. ஒன்றிரண்டு கெல்வினிலேயே ஃபோனான்கள் அடங்கிவிடும். டைல்யூஷன் குளிர்விப்பான் வேண்டாம், சாதாரண மூடிய சுற்று ஹீலியம் குளிர்விப்பான் போதும். ஒரு முடிச்சு இதிலும் உண்டு. இழுவிசை எதுவும் இல்லாத வைரத்தில் இந்த ஸ்பின்னை மைக்ரோவேவால் திருப்புவது கடினம். படிகத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் இழுவிசையை ஏற்படுத்த வேண்டியிருக்கிறது. பெரிய வெள்ளீய அணுவை உள்ளே செலுத்தும்போது படிகமும் நன்றாகவே அடிபடுகிறது, ஆற்றுவதற்குக் கடுமையான வெப்பம் தேவைப்படுகிறது. இருந்தும் வைர வலையமைப்பு என்று வந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

வைரத்தை விட்டு வெளியே வந்தால்

வைரத்தில் உள்ள எல்லா மையங்களுக்கும் பொதுவான தலைவலி வைரமே. செதுக்குவது கஷ்டம். பெரிய, ஒற்றைப் படிகத் தகடாக எளிதில் கிடைக்காது. ஒரு டையோடு செய்வதே பெரிய வேலை.

சிலிக்கான் கார்பைடில் இந்தக் கவலைகள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகின்றன. மின்சார வாகனங்களின் மின்மாற்றச் சில்லுகளுக்காக 150, 200 மில்லிமீட்டர் தகடுகளை ஆலைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. தேவையான மாசு கலப்பதும் மின்முனை பதிப்பதும் வழக்கமான வேலை. இதில் உள்ள இரட்டைக் காலியிடம், ஒரு சிலிக்கானும் பக்கத்துக் கார்பனும் சேர்ந்தே இல்லாத இடம், என்விக்குத் தம்பி மாதிரி. 1100 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்கிறது.

இந்தப் படிகத்தின் உண்மையான வசதியைக் காட்டியது 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு செய்த ஒரு சோதனை. இரட்டைக் காலியிட மையங்களை ஒரு டையோடுக்குள் வைத்து, பின்னோக்கு மின்னழுத்தம் கொடுத்தார்கள். சுற்றியிருந்த அலையும் மின்னேற்றங்கள் எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டு, ஒளிக்கோடு சுமார் 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கியது. அதே மின்னழுத்தத்தால் ஒளியின் அதிர்வெண்ணை நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸ் நகர்த்தவும் முடிந்தது. வலையமைப்புக் கட்டுபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். இரண்டு மையங்கள் எப்போதும் ஒரே நிறத்தில் பிறப்பதில்லை. இங்கே மின்னழுத்தக் குமிழைத் திருப்பி ஒன்றோடொன்று பொருத்திவிடலாம். 2022-இல் சிகாகோக் குழுவினர் ஒற்றை ஸ்பின்னுக்கு 5 நொடிக் கோஹெரன்ஸும் காட்டினார்கள். சுத்தமான ஒளியின் பங்கு என்வியைப் போலவே குறைவு என்பதுதான் இதன் சாபம்.

அதே படிகத்தில் ஒற்றைச் சிலிக்கான் காலியிடமும் உண்டு, 862, 917 நானோமீட்டர்களில். ஒளிவழிகாட்டிக்குள் செதுக்கி வைத்தாலும் கோடு கெடாமல் நிற்பது அதன் சிறப்பு, சுமார் 20 கெல்வின் வரைகூட வேலை செய்கிறது.

ஒரு படி மேலே போய், சிலிக்கானே இருக்கும்போது எதற்கு வேறு படிகம் என்று கேட்கலாம். நெடுங்காலம் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லை. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சிறியது, ஒளி விஷயத்தில் மந்தம் என்று ஒதுக்கியிருந்தார்கள். 2020-இல் சிலிக்கானில் தனித்த ஒளிமையங்கள் முதன்முறையாகப் பிடிபட்டன, 1278 நானோமீட்டரில் ஒளிரும் ஜி மையம். நல்ல ஒளி, ஆனால் கீழ்நிலையில் ஸ்பின் இல்லை. நினைவகமாக வைத்துக்கொள்ள வழியில்லாத மையம். டி மையத்துக்கு அந்தக் குறை இல்லை. இரண்டு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. 1326 நானோமீட்டரில், தொலைத்தொடர்பு இழைக்கு நேரடியாக ஏற்ற அலைநீளத்தில் ஒளிர்கிறது, கீழ்நிலையில் எலெக்ட்ரான் ஸ்பின்னும் வைத்திருக்கிறது. அலைநீள மாற்றி வேண்டாம். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆய்வு இது. அங்கிருந்து கிளைத்த ‘ஃபோட்டானிக்’ என்ற நிறுவனம் முழுக்க இதன் மேல் பந்தயம் கட்டியிருக்கிறது.

நானும் பந்தயம் கட்டுவேனா? பாதி. சில்லுச் செய்முறை, ஒளிவழிகாட்டி, அலைநீளம் எல்லாம் அதன் பக்கம். ஆனால் அதன் கிளர்நிலை ஆயுள் ஏறத்தாழ ஒரு மைக்ரோ நொடி. என்விக்கு 12 நானோ நொடி. குழியில் வைத்து வேகப்படுத்தாவிட்டால் டி மையம் ஃபோட்டான்களைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். ஹைட்ரஜன் சேர்ந்த குறைபாடு என்பதால் சூடாக்குவதிலும் கவனம் வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் ஹைட்ரஜன் கிளம்பிவிடும், மையமும் போய்விடும். பல படிகளில் சூடாக்கும் சில்லு ஆலையில் இது சின்னச் சிக்கல் இல்லை.

எர்பியம் இந்த மந்தத்தின் உச்சம். சுமார் 1530 நானோமீட்டர், இழை மிகக் குறைவாக விழுங்கும் பகுதி. தவிர, வேலைக்கு ஈடுபடும் எலெக்ட்ரான்கள் வெளிக்கூட்டுக்குள் பதுங்கியிருப்பதால் சுற்றுப்புறத் தொந்தரவு குறைவு. ஆனால் யிட்ரியம் சிலிக்கேட்டில் ஒரு ஃபோட்டான் வெளிவர 10 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது, என்வியோடு பார்த்தால் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு மெதுவாக. தனி எர்பியம் அயனியைப் பார்க்கவே முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2018-இல் பிரின்ஸ்டன் குழு, படிகத்தின் மேல் சிலிக்கான் ஒளிக்குழி ஒன்றை ஒட்டவைத்து வெளியீட்டை 650 மடங்குக்கு மேல் வேகப்படுத்திக் காட்டியது. இந்த வழியில் போகிறவர் குறைபாட்டைவிடக் குழியைத்தான் அதிகம் ஆராய வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கணினி கட்ட நினைப்பவருக்கு

குறைபாடுகளை மட்டும் வைத்துப் பெரிய குவாண்டம் கணினி என்பதை நான் இப்போதைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு என்விகள் நேரடியாக ஒன்றையொன்று உணர வேண்டுமானால் சில பத்து நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2013-இல் அறை வெப்பநிலையில் பின்னப்பட்ட ஜோடிக்கு இடையே இருந்தது சுமார் 25 நானோமீட்டர். அவ்வளவு துல்லியமாகப் பத்து மையங்களை வரிசையாக நட்டு வைக்க யாராலும் முடியவில்லை. செலுத்தப்படும் அயனி படிகத்துக்குள் போகும்போதே சில நானோமீட்டர் விலகிவிடுகிறது.

ஒரு மையத்தைச் சுற்றியுள்ள அணுக்கருக்களைப் பயன்படுத்துவது வேறு கதை. வைரத்தில் 1.1 சதவீதம் கார்பன்-13. கோஹெரன்ஸைக் கெடுக்கும் இரைச்சல் என்று பொதுவாக அவற்றைத் திட்டுவார்கள்; டெல்ஃப்ட் குழு அவற்றையே நினைவகமாக்கியது. 2019-இல் ஒரே என்வியைச் சுற்றிப் பத்து க்யூபிட் (குவாண்டம் பிட்) பதிவேடு, ஒரு நிமிடம் வரை தாங்கும் நினைவகம். 2022-இல் அதே மாதிரியான அமைப்பில் பல க்யூபிட்களைச் சேர்த்து உருவாக்கும் ஒரு தருக்க க்யூபிட்டைப் பிழை தாங்கும் முறையில் இயக்கிக் காட்டினார்கள். இப்படிப்பட்ட சின்னக் கொத்துகளை ஒளியால் இணைத்துக்கொண்டே போவது சாத்தியமான வழி. ஆனால் அப்போது கேள்வி மறுபடி ஒளிக்கே வந்துவிடுகிறது: கணினி கட்டுபவரும் கடைசியில் வலையமைப்புக்காரரின் அளவுகோலை வைத்துத்தான் மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐசோடோப்பைச் சுத்திகரிப்பதும் இங்கே இரண்டு பக்கம் வெட்டும். கார்பன்-12 மட்டுமே உள்ள வைரத்தில் தனி என்வி அறை வெப்பநிலையிலேயே 1.8 மில்லி நொடி நின்றது, 2009-இல். உணரிக்கு அது வரம். பதிவேடு வேண்டுபவருக்கு அக்கம்பக்கத்து க்யூபிட்களைத் துடைத்துப் போட்டது போலாகிவிடும்.

அப்படியானால்

காந்தப்புலம், வெப்பநிலை, நானோ அளவில், அறை வெப்பநிலையில் என்றால் என்வியைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். முதலில் கூட்டமாக மையங்கள் உள்ள வைரத்தை வாங்குங்கள், பச்சை லேசரும் மைக்ரோவேவ் மூலமும் ஒரு ஃபோட்டோடையோடும் இருந்தால் அந்த 2.87 கிகாஹெர்ட்ஸ் பள்ளம் சில நாள்களிலேயே கண்ணுக்குத் தெரியும். தனி மையம், ஊசிமுனை எல்லாம் பிறகு. உரித்த இரு பரிமாணப் பொருளைத் தொட்டுக்கொண்டே அளக்க வேண்டும் என்ற ஒரே சூழலில் போரான் நைட்ரைடு.

ஓரிரு ஆண்டுக்குள் இரண்டு முனைகளைப் பின்னிக் காட்ட வேண்டும், டைல்யூஷன் குளிர்விப்பானும் வைரம் செதுக்கும் திறமையும் கையில் உண்டு என்றால் சிலிக்கான்–காலியிட மையம். பாதை தெரிந்த பாதை. குளிர்விப்பான் ஒன்றிரண்டு கெல்வினோடு நின்றுவிடும் என்றால் வெள்ளீயம். மின்சுற்றோடு ஒன்றாக, தொழிற்சாலைத் தகட்டில் செய்ய ஆசைப்படும் பொறியாளர் சிலிக்கான் கார்பைடுக்குப் போகலாம். அங்கே மின்னழுத்தம் செய்யும் வேலையை வைரத்தில் செய்ய ஒரு மாமாங்கம் ஆகும். பத்தாண்டுத் திட்டம், சில்லு ஆலையோடு உறவு, நிறையப் பேர் கொண்ட குழு என்றால் டி மையம். சிறிய குழு அதில் இறங்கினால் ஃபோட்டானிக் நிறுவனத்தின் நிழலிலேயே நின்றுகொண்டிருக்கும்.

எர்பியம் ஒளிக்குழிகளில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்களுக்கு. அந்த ஆறு மணி நேர யூரோப்பியம்? ஃபோட்டானை வெகுநேரம் அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிடும் நினைவகமாக அதற்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அதன் ஒளி 580 நானோமீட்டரில் வருகிறது. இழையில் நெடுந்தூரம் அனுப்ப அங்கேயும் அலைநீள மாற்றி வேண்டும்.